வண்டியின் பிக்கப்பைக் கணக்குப் போடுவது எப்படி? சக்கர முறுக்குவிசை, எடை, முடுக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இந்தக் கடற்கரையில் வண்டி ஓட்டுபவர்களும், மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளும் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஓட்டுநர் “பிக்கப்” என்பார், பிள்ளைகள் “முடுக்கம்” என்பார்கள். விஷயம் ஒன்றுதான்.

எல்லாக் கணக்குக்கும் ஒரே காரை வைத்துக்கொள்வோம். எந்தக் கம்பெனியின் காரும் அல்ல; கணக்கு எளிதாக வருவதற்காக எடுத்த எண்கள். ஆனாலும் நம் சாலையில் ஓடும் சின்ன பெட்ரோல் காருக்கு நெருக்கமானவை. எஞ்சினின் அதிகபட்ச முறுக்குவிசை (டார்க், அதாவது தண்டைச் சுழற்றும் வலு) 4,000 ஆர்பிஎம்-இல் (நிமிடத்துக்கு 4,000 சுற்றில்) 110 நியூட்டன் மீட்டர். கியர் விகிதங்கள்: முதல் கியர் 3.5, இரண்டாவது 1.9, மூன்றாவது 1.3, ஐந்தாவது 0.8. டிஃபரென்ஷியல் (சுழற்சியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) விகிதம் 4. கியர்பாக்ஸிலும் ஆக்சிலிலும் வீணாவது போக சக்கரத்துக்கு வந்து சேர்வது 90 சதவீதம். டயரின் ஆரம் 0.28 மீட்டர். காரின் எடை 950 கிலோ, ஆட்களும் சாமானும் 300 கிலோ; மொத்தம் 1,250 கிலோ. கிலோவில் சொல்லும் இந்த எடையைத்தான் பாடப்புத்தகம் “நிறை” என்கிறது.

பிரவுச்சரில் 110 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருக்கிறது. அதை எடையால் வகுத்தால் முடுக்கம் வந்துவிடாதா?

வராது. முறுக்குவிசை வேறு, விசை வேறு. எடையால் வகுக்க வேண்டியது தார் ரோட்டில் டயர் பின்னோக்கித் தள்ளும் விசையை. அந்த விசைக்குப் போய்ச் சேர இரண்டு படி ஏற வேண்டும்.

முதல் படி: எஞ்சின் முறுக்குவிசையைக் கியர் விகிதத்தாலும் டிஃபரென்ஷியல் விகிதத்தாலும் பெருக்கி, வீணாவதைக் கழிக்க வேண்டும். முதல் கியரில் 110 × 3.5 × 4 × 0.9 = 1,386 நியூட்டன் மீட்டர். இதுதான் சக்கர முறுக்குவிசை.

இரண்டாம் படி: அதை டயரின் ஆரத்தால் வகுக்க வேண்டும். 1,386 ÷ 0.28 = 4,950 நியூட்டன்.

இப்போது எடையால் வகுக்கலாம்: 4,950 ÷ 1,250 = 3.96 மீ/வி². ஒவ்வொரு வினாடியும் வேகம் மணிக்குச் சுமார் 14 கிலோமீட்டர் கூடும் என்று அர்த்தம். இது இன்னும் முழு விடையல்ல. கழிக்க வேண்டியவை கீழே வருகின்றன.

சார், 1,386 என்பது ஒரு சக்கரத்துக்கா, இரண்டுக்குமா?

இரண்டுக்கும் சேர்த்து. டிஃபரென்ஷியல் அதைச் சமமாகப் பிரித்து, பக்கத்துக்கு 693 கொடுக்கும். கணக்கில் “ஒவ்வொரு சக்கரத்துக்கும்” என்று கொடுத்திருந்தால் ஓட்டும் சக்கரங்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். பரீட்சையில் அதிகம் பேர் மதிப்பெண் இழப்பது இந்த இடத்தில்தான். வண்டிக்கு நான்கு சக்கரம் இருக்கிறதே என்று நான்கால் பெருக்கிவிடுவார்கள். எஞ்சின் சுற்றிவிடும் சக்கரங்களை மட்டும்தான் எண்ண வேண்டும்.

டயர் ஆரத்தை எங்கே பார்ப்பது?

டயரின் பக்கவாட்டிலேயே இருக்கிறது. 155/80 ஆர் 13 என்று போட்டிருந்தால் டயரின் அகலம் 155 மில்லிமீட்டர். சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 124. ரிம் 13 அங்குலம், அதாவது 330 மில்லிமீட்டர்; அதில் பாதி 165. இரண்டையும் கூட்டினால் 289. வண்டி நின்றால் டயர் அடியில் கொஞ்சம் நசுங்கும், ஆகையால் 0.28 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறோம்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி சாக்பீஸ். டயரிலும் அதன் நேர் கீழே தரையிலும் ஒரு கோடு போடுங்கள். வழக்கமான லோடோடு, காற்று சரியாக இருக்கும்போது, டயர் கோடு மறுபடி தரைக்கு வரும்வரை வண்டியை மெதுவாகத் தள்ளுங்கள். அங்கே தரையில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே டேப் பிடித்து, வந்ததை 6.28-ஆல் வகுத்தால் ஆரம். நம் காருக்கு 1.76 மீட்டர் வரும்.

பெரிய டயர் மாட்டினால் வண்டி கம்பீரமாக இருக்கும், பிக்கப் குறையும். ஆரம் 0.28-இலிருந்து 0.31 ஆனால் 4,950 நியூட்டன் 4,471 ஆகிவிடும். நீளக் கைப்பிடி ஸ்பேனரால் நட்டைத் திருப்புவது எளிதாவதற்கும் இதே கணக்குத்தான் காரணம். இங்கே அது நமக்கு எதிராக வேலை செய்கிறது.

பழைய மேனுவலில் முறுக்குவிசை 11.2 கேஜிஎம் (கிலோகிராம் விசை மீட்டர்) என்று இருக்கிறதே?

9.8-ஆல் பெருக்குங்கள். சுமார் 110 நியூட்டன் மீட்டர்.

கணக்கில் 3.96 வருகிறது. ஓட்டிப் பார்த்தால் அவ்வளவு இல்லையே, ஏன்?

இரண்டு காரணம். ஒன்றை எல்லோரும் சொல்வார்கள், இன்னொன்றை அநேகம் பேர் விட்டுவிடுவார்கள்.

முதலாவது உருளும் எதிர்ப்பு, அதாவது டயர் உருளும்போது வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை. நல்ல தார் ரோட்டில் அது வண்டி எடையில் நூற்றுக்கு ஒன்றரைக்குள் இருக்கும். 0.013 என்று எடுத்தால் 1,250 × 9.8 × 0.013 = 159 நியூட்டன். மிச்சம் 4,791.

இரண்டாவது சுழலும் பாகங்கள். எஞ்சின் முன்னோக்கித் தள்ளுவது வண்டியை மட்டுமல்ல. தன்னுடைய கிராங்க் ஷாஃப்ட், ஃபிளைவீல், கிளட்ச், சக்கரங்கள் எல்லாவற்றையும் வேகமாகச் சுழற்றவும் வேண்டும். ஃபிளைவீல் வகையறாவின் நிலைமத் திருப்புத்திறன் (சுழலும் வேகத்தை மாற்ற விடாமல் காட்டும் எதிர்ப்பின் அளவு) 0.12 கிலோகிராம்·மீட்டர்² என்று கொள்வோம். அது முதல் கியரில் சக்கரத்தைவிட 14 மடங்கு (3.5 × 4) வேகமாகச் சுற்றுகிறது. ஆகவே 0.12 × 14² ÷ 0.28² = 300 கிலோ. வண்டியில் 300 கிலோ கூடுதலாக ஏற்றியது போன்ற விளைவு! நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து இன்னொரு 30 கிலோ. 1,250 என்பது 1,580 ஆகிறது.

4,791 ÷ 1,580 = 3.03 மீ/வி². நான்கில் ஒரு பங்கு போய்விட்டது.

மேல் கியருக்குப் போகப்போக இந்தக் கூடுதல் சுமை மளமளவென்று குறையும், ஏனென்றால் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது அது. மூன்றாம் கியரில் ஃபிளைவீலுக்கு 41 கிலோதான், ஐந்தாம் கியரில் 16. முதல் கியரில் இதை விட்டுவிட்டுப் போடும் கணக்கை நான் ஏற்பதில்லை. ஐந்தாம் கியரில் விட்டால் மோசமில்லை.

குட்டியானையில ஐஸோட மீன் ஏத்துனா இழுக்கவே மாட்டேங்குது. எஞ்சின் கோளாறா அண்ணே?

முதலில் கணக்குப் பார்த்துவிட்டு எஞ்சினைச் சந்தேகப்படுங்கள். ஒரு மினி லாரி ஓட்டுநரோடு 900 கிலோ என்று வைப்போம். இரண்டாம் கியரில் டயர் தள்ளுவது 1,800 நியூட்டன். சுழலும் பாகங்களுக்கு 150 கிலோ.

காலியாக: உருளும் எதிர்ப்பு (இங்கே 0.015 என்று எடுத்து) 132 நியூட்டன் போக 1,668. அதை 1,050-ஆல் வகுத்தால் 1.59 மீ/வி².

700 கிலோ ஏற்றினால்: எதிர்ப்பும் கூடி 235 ஆகிறது. மிச்சம் 1,565. வகுக்க வேண்டியது 1,750. வருவது 0.89 மீ/வி².

ஏறக்குறைய பாதியாகிவிட்டது, எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லாமலே. நின்ற இடத்திலிருந்து கிளம்பி எதிரே வரும் பஸ்ஸுக்கு முன்னால் சாலையைக் கடந்துவிடலாம் என்று காலி வண்டியில் பழகிய கண் சொல்லும். லோடு வண்டியில் அந்தக் கண்ணை நம்பாதீர்கள். இதே கணக்கில் எடை 1,600 என்று நினைத்திருக்க, ஏலக்கூடத்தில் “இன்னும் நாலு பெட்டிதானே” என்று ஏற்றிவிட்டால் பிக்கப் மட்டுமல்ல, பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கெட்டுப்போகும். லோடு அளவு பற்றி நான் கறாராக இருப்பது அதனால்தான்.

ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்றில் வண்டி திணறுவது உண்மையா, மனப்பிரமையா?

உண்மை. காற்றெதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த வேகம் ரோட்டுக்கு எதிரான வேகமல்ல, காற்றுக்கு எதிரான வேகம்.

நம் கார் உச்சிப்புளி தாண்டி ராமநாதபுரம் நோக்கி மேற்கே ஐந்தாம் கியரில் 80-இல் போகிறது. எஞ்சின் 110 நியூட்டன் மீட்டரையும் கொடுக்கிறது என்று வைத்தாலும் டயரில் வருவது 1,131 நியூட்டன்தான். காற்று அசையாத நேரத்தில் காற்றெதிர்ப்பு சுமார் 207 நியூட்டன், உருளும் எதிர்ப்பு 159. மிச்சம் 765; சுழலும் பாகங்களோடு 1,296 கிலோவால் வகுத்தால் முடுக்கம் 0.59 மீ/வி².

இப்போது எதிரே கச்சான் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிறது. கார் காற்றைக் கிழிப்பது 120-இல். எதிர்ப்பு 2.25 மடங்காகி 467 நியூட்டன். மிச்சம் 505, முடுக்கம் 0.39. அதாவது ஓவர்டேக் எடுக்க ஒன்றரை மடங்கு நேரம். அதே ரோட்டில் காலையில் கிழக்கே போகும்போது முதுகில் காற்று வாங்கிக்கொண்டு சுலபமாக முந்திய அனுபவம், திரும்பும்போது ஏமாற்றும்.

பாம்பன் பாலத்தில்?

அங்கே காற்று பெரும்பாலும் பக்கவாட்டில் தள்ளும். அது முடுக்கத்தைவிட ஸ்டியரிங்கைத்தான் சோதிக்கும். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். அந்த இடத்துக் காற்று அப்படிப்பட்டது.

1988-இல் திறந்த சாலைப் பாலம், அடியில் படகுகள் போவதற்காக நடுவில் உயர்ந்து இருக்கிறது. ஏற்றத்தில் வண்டி எடையின் ஒரு பகுதி பின்னுக்கு இழுக்கும். நூற்றுக்கு இரண்டு ஏற்றம் என்று கணக்குக்கு எடுத்தால் 1,250 × 9.8 × 0.02 = 245 நியூட்டன். சமதளத்தின் உருளும் எதிர்ப்பைவிட அதிகம்! கண்ணுக்குத் தெரியாத சின்ன ஏற்றம்கூடக் கணக்கில் பெரிது. உச்சியில் கடலைப் பார்க்க வண்டியை நிறுத்திவிட்டு, லோடோடு மறுபடி எடுப்பவர்களுக்குக் கிளட்ச் நாற்றம் வருவது இதனால்தான். பாலத்தில் நிறுத்தாதீர்கள்.

தனுஷ்கோடி மணலில் இறங்கினால் 4,950 நியூட்டன் இருந்தும் கார் ஏன் புதைகிறது?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நிதானமாகப் பதில் சொல்வேன், ஏனென்றால் முறுக்குவிசைக் கணக்கின் எல்லை எது என்று காட்டுவது இதுதான். எஞ்சின் எவ்வளவு கொடுத்தாலும், டயர் வாங்கி ரோட்டுக்குக் கொடுப்பது பிடிமானத்தின் அளவுதான்.

தளர்ந்த மணலில் உருளும் எதிர்ப்பு வண்டி எடையில் 0.2 முதல் 0.3 வரை போகும். வண்டி எடை நியூட்டனில் 1,250 × 9.8 = 12,250. 0.25 எடுத்தால் 12,250 × 0.25 = 3,062 நியூட்டன். தார் ரோட்டில் 159 ஆக இருந்தது! இருந்தாலும் முதல் கியரில் 4,950 இருக்கிறதே, போதாதா?

நம் கார் முன்சக்கரத்தில் ஓடுவது. முன்சக்கரங்களின் மேல் எடையில் 55 சதவீதம் உட்காருகிறது என்றால் 6,737 நியூட்டன். மணலில் பிடிமானம் 0.4 என்றால் டயர் தள்ளக்கூடியது 2,695 நியூட்டன் மட்டுமே. தேவை 3,062, கிடைப்பது 2,695. வண்டி நகராது. மிதிக்க மிதிக்க மிச்சமுள்ள முறுக்குவிசை முழுவதும் சக்கரத்தைச் சுழற்றி மணலைத் தோண்டும். ஆக்சில் வந்து மணலில் உட்காரும்.

நான்கு சக்கரத்திலும் ஓடும் ஜீப் என்றால் முழு எடையும் பிடிமானத்துக்கு உதவும். அதே எடையில் 12,250 × 0.4 = 4,900 நியூட்டன். தேவை போக 1,838 மிச்சம். 2017-இல் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறப்பதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து மணலிலும் ஆழமில்லாத தண்ணீரிலும் ஆட்களை ஏற்றிப்போன ஜீப்புகளும் வேன்களும் இந்தக் கணக்கை மனதில் வைத்திருந்த ஓட்டுநர்களின் கையில் இருந்தன. எங்கே மணல் ஈரத்தில் இறுகியிருக்கிறது, எங்கே தளர்ந்திருக்கிறது என்று பார்த்தே தடம் பிடிப்பார்கள்.

புதைந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் மணலைக் கையால் வாரி ஒதுக்குங்கள். டயரில் 30 பிஎஸ்ஐ இருந்தால் 18 அளவுக்கு இறக்குங்கள். டயர் தரையில் நீளமாகப் படிந்து, புதைவது குறையும். எதிர்ப்பு 0.2-க்கு இறங்கினாலே தேவை 2,450 நியூட்டன்தான்.

இங்கே இரண்டாம் கியர் ஓர் அருமையான உதவி. இரண்டாம் கியரில் டயருக்கு வரும் அதிகபட்சம் 110 × 1.9 × 4 × 0.9 ÷ 0.28 = 2,687 நியூட்டன். மணல் தாங்குவது 2,695. தேவைக்கு மேலே, பிடிமானத்துக்குக் கீழே! முதல் கியரில் கொஞ்சம் அழுத்தினாலே சக்கரம் சுழன்றுவிடும். இரண்டாவதில் எஞ்சினாலேயே அது முடியாது. மிச்சம் சுமார் 240 நியூட்டன்தான், ஆகையால் வண்டி ஊர்ந்துதான் வரும். கூட வந்தவர்கள் இறங்கித் தள்ளுங்கள். தார் ரோடு ஏறியதும் காற்றை மறுபடி பிடித்துவிடுங்கள். 18 பிஎஸ்ஐ-யில் 80 ஓடுவது டயரைச் சூடாக்கிக் கிழிக்கும்.

தார் ரோட்டிலேயே மணல் பறந்து கிடக்கிறதே?

தனுஷ்கோடி ரோட்டில் அது அடிக்கடி நடப்பது. காய்ந்த தாரில் 0.8 இருக்கும் பிடிமானம், மேலே மணல் தூவினால் 0.5-க்கும் இறங்கலாம். டயர் தாங்குவது அப்போது 3,368 நியூட்டன். முதல் கியரில் முழுதாக மிதித்தால் சறுக்கும். அந்த நேரத்தில் முடுக்கத்தைத் தீர்மானிப்பது மணல்தான், எஞ்சின் அல்ல.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒதுங்கும்போது இடது பக்கச் சக்கரம் மட்டும் மணலில். வலது தாரில் இருக்கிறதே, ஏன் ஏறமாட்டேன் என்கிறது?

சாதாரண டிஃபரென்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசை கொடுக்கும். இடது பக்கம் 1,347 நியூட்டனுக்கு மேல் தாங்காது என்றால் வலது பக்கத்துக்கும் அதே 1,347தான்; அங்கே 2,695 தாங்கும் வலு இருந்தும் வீண். மொத்தம் 2,694.

மணல் இடது பக்கம் மட்டும் என்பதால் எதிர்ப்பு சுமார் 1,600 நியூட்டன். ஆகவே காய்ந்த மணல் என்றால், அலறவிடாமல் எடுத்தால் ஏறிவிடும். வாலிநோக்கம் உப்பளப் பக்கத்துக் களிமண் சேறு என்றால் கதை வேறு. பிடிமானம் 0.15 ஆனால் பக்கத்துக்கு 505, மொத்தம் 1,010. ஏறாது, பலகை போட வேண்டும்.

டார்க் முக்கியமா, ஹார்ஸ்பவர் முக்கியமா?

கொடுத்த வேகத்தில் டயரில் விசை எவ்வளவு என்பது முக்கியம். விசையை வேகத்தால் பெருக்கினால் திறன். ஆகவே ஒரு குறிப்பிட்ட வேகத்தில் எந்தக் கியர் எஞ்சினிலிருந்து அதிகத் திறனை எடுக்கிறதோ, அந்தக் கியரில்தான் முடுக்கமும் அதிகம்.

60-இல் மூன்றாம் கியரில் எஞ்சின் சுமார் 2,950 ஆர்பிஎம் சுற்றும். 110 கிடைப்பதாகவே வைத்தாலும் டயரில் 1,839 நியூட்டன். அதே 60-இல் இரண்டாம் கியருக்கு இறக்கினால் 4,300 சுற்றும். முறுக்குவிசை 108 ஆகக் குறைந்தாலும் டயரில் 2,638 வருகிறது. லாரியை முந்தும்போது கியரை இறக்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லிக்கொடுப்பதன் கணக்கு இது.

முடுக்கம் 3.03 என்றால் 100 கிலோமீட்டர் வேகத்தை 9 வினாடியில் தொட்டுவிடுமா?

தொடாது. 3.03 முதல் கியரில், 30 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி மட்டும் கிடைப்பது. மூன்றாம் கியரில் 60-இல் அது 1.18. வேகத்தைப் பத்துப் பத்துக் கிலோமீட்டராக வெட்டுங்கள்; ஒவ்வொரு துண்டிலும் அப்போதைய கியரின் முடுக்கத்தைக் கண்டு, 2.78-ஐ அதனால் வகுத்தால் அந்தத் துண்டுக்கான நேரம். எல்லாவற்றையும் கூட்டி, ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் அரை வினாடி சேருங்கள். கால்குலேட்டர் போதும்.

எலக்ட்ரிக் வண்டிக்கு?

அதே கணக்கு, இன்னும் சுலபம். பெரும்பாலும் ஒரே விகிதம்தான், முறுக்குவிசையும் நின்ற இடத்திலிருந்தே கிடைக்கும். ஒரு வேகத்துக்கு மேல் திறன் மாறாமல் நிற்பதால், அதன்பிறகு வேகம் கூடக்கூட விசை குறையும்.

என் வண்டியில் கணக்குச் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

ஆளில்லாத நேரான ரோடு, விடிகாலை, பக்கத்தில் ஒருவர் போனில் ஸ்பீடோமீட்டரை வீடியோ எடுக்கட்டும். மூன்றாம் கியரில் 50-இல் நிதானமாகப் போய், முழுதாக மிதித்து 70 வரை விடுங்கள். வித்தியாசம் 20 கிலோமீட்டர், அதாவது 5.56 மீ/வி. வீடியோவில் எத்தனை வினாடி என்று பார்த்து வகுத்தால் சராசரி முடுக்கம். நம் காரின் கணக்குப்படி சுமார் 4.7 வினாடி ஆக வேண்டும்.

இதே ரோட்டில் திரும்பி வரும்போதும் ஒருமுறை எடுத்து, இரண்டு முடுக்கத்தின் சராசரியைப் போடுங்கள். நம் பக்கம் காற்று நிற்கும் நேரம் குறைவு. ஒரு திசையில் மட்டும் அளந்தால் அது உங்கள் எஞ்சினின் அளவாக இருக்காது. ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டும் என்பதால், போன் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அளந்தது கணக்கைவிட நூற்றுக்கு இருபதுக்கு மேல் குறைந்தால் முதலில் டயர் காற்று, பிறகு பிரேக் உரசுகிறதா என்பது, பிறகு ஏர் ஃபில்டர், பிறகு கிளட்ச். இந்த வரிசையில் பாருங்கள். கடற்கரையில் உப்பேறி இறுகிய பிரேக் கேலிப்பர்தான் பல வண்டிகளில் அகப்படும்.